குவாட் ஆக்சலைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? இலியா மாலினினை முன்வைத்து

பாளை சக்கரக்கால்

இலியா மாலினினை அறியாதவர்களுக்கு முதலில் சில வரிகள். பனித்தளத்தில் சறுக்கி, குதித்து, இசைக்கு ஆடும் ஃபிகர் ஸ்கேட்டர். 2004 டிசம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். அம்மா தத்யானா மாலினினா, அப்பா ரோமன் ஸ்கோர்னியாகோவ். இருவரும் உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்கில் ஆடிய ஃபிகர் ஸ்கேட்டர்கள், மகனுக்குப் பயிற்சி கொடுப்பவர்களும் அவர்களே. 2022 செப்டம்பரில் லேக் பிளாசிட் போட்டியில், அதுவரை எவரும் போட்டியில் முழுதாகச் சுற்றி இறங்காத குவாட் ஆக்சலை, அதாவது காற்றில் நாலரைச் சுற்றுச் சுற்றும் குதிப்பை, இறங்கிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 17. அப்புறம் 2024-இல் மான்ட்ரியாலிலும் 2025-இல் பாஸ்டனிலும் உலகச் சாம்பியன் ஆனார்.

நான் பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு ரோலர் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சி முடிந்து ஷூ கழற்றும் நேரத்தில் பிள்ளைகள் போனில் பார்ப்பதெல்லாம் இந்தப் பையனின் குதிப்புகள்தான். இரண்டு பெற்றோர்கள் வந்து, "மாஸ்டர், இதையெல்லாம் காட்டாதீங்க, வீட்டில் சோபாவிலிருந்து சுற்றிக் குதிக்கிறான்" என்று சொன்னார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது.

என் கருத்து, கட்டாயம் காட்ட வேண்டும் என்பதுதான். துண்டு வீடியோவாகக் காட்டக்கூடாது. நான்கு நிமிட ஆட்டத்தை முழுதாகக் காட்ட வேண்டும், விழுந்ததையும் சேர்த்து. உங்கள் எண்ணங்களை எழுதுங்கள்.

கடையம் நாட்டியம்

மாஸ்டர், நான் குழந்தைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுப்பவள். மாலினின் ஆட்டத்தை என் மகன் காட்டிப் பார்த்திருக்கிறேன். பிரமிப்பாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு குதிப்புக்கும் அடுத்த குதிப்புக்கும் நடுவில் கை எங்கே போகிறது, முகம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், பல இடங்களில் அடுத்ததற்கு ஓடித் தயாராவது மட்டும்தான் தெரிகிறது. இசை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். ஜப்பானின் யுசுரு ஹன்யூ ஆடும்போது விரல் நுனி வரை இசை இருக்கும். பிள்ளைகள் முதலில் அதைப் பார்க்கட்டும். குதிப்பு மட்டுமே பெரிது என்று பத்து வயதில் மனதில் பதிந்துவிட்டால் பிறகு அதை மாற்றுவது கஷ்டம்.

விதிமுறையும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குதித்தால் இவ்வளவு என்று தெளிவாக எண் இருக்கிறது. அழகுக்கு அப்படி இல்லை.

பாளை சக்கரக்கால்

டீச்சர் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். ஹன்யூ பற்றி ஒன்று. அவரும் குவாட் ஆக்சலைத் துரத்தியவர்தான். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், ஷார்ட் புரோகிராம் என்ற முதல் நாள் குறு ஆட்டத்தில் பின்தங்கிய பிறகும், ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட இரண்டாம் ஆட்டத்தில் அதை முயன்று விழுந்தார். நான்காம் இடம். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வைத்திருந்தவருக்கு அதற்கு மேல் எதையும் நிரூபிக்க வேண்டிய தேவை கிடையாது, ஆனாலும் குதித்தார். அதனால் கலை ஒரு கட்சி, குதிப்பு இன்னொரு கட்சி என்று பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வி.கே.புரம் இயற்பியல்

ஆக்சல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

போட்டிகளில் ஆறு வகைக் குதிப்பு உண்டு: டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்சல். முதல் ஐந்தையும் பின்னோக்கிச் சறுக்கியபடி எழும்பி, பின்னோக்கியே இறங்குவார்கள். ஆக்சலில் மட்டும் முகம் முன்னால் பார்க்க எழும்ப வேண்டும், இறங்குவது அதிலும் பின்னோக்கித்தான். அதனால் அரைச் சுற்று கூடுதல். குவாட் ஆக்சல் என்றால் நாலரைச் சுற்று.

இனி நேரக் கணக்கு. காற்றில் 0.7 வினாடி இருக்க வேண்டுமானால் உடல் சுமார் 60 சென்டிமீட்டர் மேலே போக வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளே போட்டுவிடக்கூடிய கணக்கு இது. அந்த 0.7 வினாடிக்குள் நாலரைச் சுற்று. பிளேடு பனியை விட்டு எழும்போதே உடல் கொஞ்சம் திரும்பிவிடுவதால், காற்றில் நடப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். அப்படியிருந்தும் வினாடிக்கு ஐந்து, ஆறு சுற்று வேகம் வேண்டும்.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? எழும்பிய பிறகு வெளியிலிருந்து திருப்பிவிட எதுவும் கிடையாது. எழும்பும் கணத்தில் உடலுக்குக் கிடைத்த சுழற்சி உந்தம் எவ்வளவோ அவ்வளவுதான். கைகளை மார்போடு இறுக்கி, காலோடு கால் பின்னி, உடலை ஒல்லியாக்கும்போது நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழல்வதற்கு உடல் காட்டும் எதிர்ப்பு, குறைகிறது, சுழற்சி வேகம் ஏறுகிறது. இறங்குவதற்குச் சற்று முன் கையையும் காலையும் விரித்தால் வேகம் குறைகிறது. விரிப்பது ஒரு நொடியின் சிறு பங்கு முந்தினால் சுற்று குறையும், பிந்தினால் நிலை தவறும். மாலினினிடம் நான் வியப்பது உயரத்தைவிட இந்த இறுக்கத்தைத்தான். மற்றவர்கள் கையை மடக்கி முடிக்கும் நேரத்தில் இவர் முதல் சுற்றைத் தாண்டிவிடுகிறார்.

வரலாற்றையும் சேர்த்துப் பாருங்கள். நார்வேயின் ஆக்சல் பால்சன் இந்தக் குதிப்பை முதலில் செய்தது 1882-இல், வியன்னாவில். இரட்டை ஆக்சல் 1948-இல் வந்தது, டிக் பட்டன். மும்மடங்கு ஆக்சல் 1978-இல், கனடாவின் வெர்ன் டெய்லர். அதற்கு மேல் இன்னும் ஒரு சுற்றைச் சேர்க்க மனிதர்களுக்கு 44 ஆண்டுகள் ஆயின.

கோவில்பட்டி ஹாக்கி

எல்லாம் சரி அண்ணாச்சி. ஆனால் மிலான் ஒலிம்பிக்கில் என்ன நடந்தது? 2026 பிப்ரவரியில் நள்ளிரவு தாண்டியும் கண் விழித்துப் பார்த்தேன். ஷார்ட் புரோகிராமில் முதலிடம். தங்கம் உறுதி என்று உலகமே எழுதிவைத்திருந்தது. ஃப்ரீ ஸ்கேட்டில் இரண்டு முறை விழுந்தார், குவாட் ஆக்சல் ஒற்றைச் சுற்றாகப் போனது, மொத்தத்தில் எட்டாவது இடம். தங்கம் கஜகஸ்தானின் மிகைல் ஷைதோரோவுக்கு, வெள்ளியும் வெண்கலமும் ஜப்பானின் யூமா காகியாமாவுக்கும் ஷுன் சாட்டோவுக்கும்.

நான் ஹாக்கிக்காரன். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது, பந்தை இழக்காதே என்பதுதான். வட்டத்துக்குள் வித்தை காட்டிப் பந்தை இழந்தவனை மறு ஆட்டத்தில் வெளியே உட்காரவைப்போம். தைரியத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? கொஞ்சம் எளிதாக ஆடியிருந்தால் தங்கம் அவர் கையில் இருந்திருக்குமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மேலப்பாளையம் கணக்கு

மிலான் பற்றி எல்லோரும் "ஆசைப்பட்டு விழுந்தார்" என்று முடித்துவிடுகிறார்கள். எண்களைப் போட்டுப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது.

குவாட் ஆக்சலின் அடிப்படை மதிப்பு 12.50. நன்றாகச் செய்தால் நடுவர்கள் +5 வரை கொடுக்கலாம், ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் பத்து சதவீதம். ஆக அதிகபட்சம் 18.75. முழுதாகச் சுற்றிவிட்டு விழுந்தால் −5, அதாவது 6.25 போகும், விழுந்ததற்காக இன்னும் 1 போகும். மிச்சம் 5.25. அதே இடத்தில் மும்மடங்கு ஆக்சலைச் சுத்தமாகச் செய்தால் அடிப்படை மட்டும் 8.00. இதுவரை கோவில்பட்டித் தம்பி சொல்வது சரி, எளிதானதைச் சுத்தமாகச் செய்வதே லாபம்.

ஆனால் ஒற்றை ஆக்சலின் மதிப்பு வெறும் 1.10. காற்றில் பாதியில் உடல் தயங்கிக் கையைத் திறந்துவிட்டால் கிடைப்பது அதுதான். விழுந்து எழுந்தவருக்கு 5.25, தயங்கியவருக்கு 1.10. மிலானில் அந்த இடத்தில் அவரைக் கவிழ்த்தது தைரியம் இல்லை. அந்த ஒரு கணம் தைரியம் கைவிட்டதுதான். அன்று எதிர்பார்ப்பின் பாரம் அப்படி இருந்தது.

எளிதாக ஆடியிருந்தால் தங்கம் என்பது இப்போது சொல்வதற்கு நன்றாக இருக்கும். அதே குதிப்புத் திட்டத்தை 2025 டிசம்பரில் நகோயாவில், கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில், அவர் முழுதாக ஆடிக் காட்டியிருந்தார். ஏழு குவாட், அதாவது நான்கு சுற்றுக்குக் குறையாத ஏழு குதிப்புகள், ஏழும் சுத்தம். ஃப்ரீ ஸ்கேட்டில் மட்டும் 238.24 புள்ளி. ஷார்ட் புரோகிராமில் மூன்றாவதாக இருந்தவர் அங்கே வென்றது அந்தத் துணிச்சலால்தான். விதிப்படி ஒரே ஒரு வகைக் குவாடை மட்டுமே இரண்டாம் முறை திரும்பச் செய்ய முடியும். அதனால் ஏழு குவாட் போட வேண்டுமென்றால் ஆறு வகையையும் கையில் வைத்திருக்க வேண்டும். உலகத்தில் வேறு யாரிடம் அது இருக்கிறது?

கோவில்பட்டி ஹாக்கி

ஐந்தேகாலுக்கும் ஒன்று பத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புதிது. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஒலிம்பிக் நான்கு வருடத்துக்கு ஒருமுறை. அந்த ஒரு இரவுக்காவது திட்டத்தைக் குறைத்திருக்கலாம்.

மேலப்பாளையம் கணக்கு

குறைத்தால் நிச்சயம் வரும் என்றில்லை தம்பி. பதற்றம் வந்துவிட்டால் மும்மடங்குக் குதிப்பும் கவிழும். ஒன்றை மறந்துவிட வேண்டாம். அதே மிலானில் சில நாட்களுக்கு முன் அணிப் போட்டியில் அமெரிக்கா ஜப்பானை ஒரே ஒரு புள்ளியில் முந்தித் தங்கம் எடுத்தது. கடைசியில் முடிவு இவருடைய ஃப்ரீ ஸ்கேட்டில்தான் வந்து நின்றது. அவர் வென்று கொடுத்தார். கழுத்தில் ஒலிம்பிக் தங்கத்தோடுதான் ஊர் திரும்பினார்.

சங்கரன்கோவில் டு பாஸ்டன்

சொந்த ஊர் சங்கரன்கோவில், இப்போது வேலை பாஸ்டனில். 2025 மார்ச்சில் இங்கே டிடி கார்டன் அரங்கத்தில் உலகப் போட்டி நடந்தபோது டிக்கெட் வாங்கிப் போனேன். திரையில் தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, வேகம். கேமரா ஆளுடன் சேர்ந்தே நகர்வதால் போனில் பார்க்கும்போது ஆள் நின்ற இடத்தில் எழும்புவதுபோல் இருக்கிறது. நேரில் பார்த்தால் தடுப்புச் சுவர் வேகமாக நெருங்கி வருகிறது, அந்த வேகத்திலேயே எழும்பி, பல அடி தள்ளிப் போய் இறங்குகிறார். 60 மீட்டர் நீளத் தளம் அவருக்குச் சின்னதாகத் தெரிந்தது. இரண்டாவது, சத்தம். ஒற்றைக் காலில் இறங்கும்போது பனி அரைபடும் சத்தம் மேல் வரிசை வரை கேட்டது. முழங்காலும் கணுக்காலும் எதைத் தாங்குகின்றன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று 31 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். இரண்டாவதாக வந்தவர் ஷைதோரோவ். மிலானில் தங்கம் எடுத்த அதே ஷைதோரோவ். அவரும் சாதாரண ஆள் இல்லை. மும்மடங்கு ஆக்சலோடு குவாட் சால்கோவைக் கோத்துக் குதித்தவர். ஆகவே மிலானில் "பயந்து ஆடியவர் ஜெயித்தார்" என்று யாராவது சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

தென்காசி அம்மா

என் மகளுக்கு 11 வயது. ரோலர் ஸ்கேட்டிங்கில் ஆசையாக இருக்கிறாள். நீங்கள் எல்லோரும் புள்ளிக்கணக்கு பேசுகிறீர்கள், என் கண்ணுக்கு முன்னால் நிற்பது அவள் முழங்கால். பாஸ்டன் தம்பி எழுதிய சத்தத்தைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. வளர்கிற எலும்பில் இந்தக் குதிப்புகளைத் திரும்பத் திரும்பச் செய்தால் என்ன ஆகும்? மாஸ்டர் எந்த வயதில் எதைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். காட்டலாமா வேண்டாமா என்பது அதற்குப் பிறகுதான்.

பாளை சக்கரக்கால்

கேட்க வேண்டிய கேள்வி, அக்கா. விரிவாகவே சொல்கிறேன்.

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமே இதைப் பற்றிக் கவலைப்பட்டது. பெண்கள் பிரிவில் 15, 16 வயதில் குவாட் குதித்துச் சாம்பியனாகி, சீக்கிரமே களத்தை விட்டுப் போன பிள்ளைகள் பலர். 2022-இல் ரஷ்யாவின் 15 வயது கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரத்துக்குப் பிறகு, பெரியவர்கள் பிரிவில் ஆட வேண்டிய குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து 17-ஆகப் படிப்படியாக உயர்த்த முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

எங்கள் தளத்தில் முதலில் கற்றுக்கொடுப்பது விழுவதை. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில், இடுப்புச் சதையில் விழ வேண்டும். நீட்டிய கையில் உடம்பைத் தாங்கினால் மணிக்கட்டு போகும். விழுந்ததும் விரல்களை மூடிக்கொள்ள வேண்டும், பின்னால் வருபவரின் சக்கரம் ஏறிவிடக்கூடாது. இது பழகும் வரை யாரும் சக்கரத்தோடு தரையை விட்டு எழும்பக் கூடாது. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் இதில் விலக்கு கிடையாது.

அடுத்து ஒற்றைக் காலில் நீண்ட தூரம் நிலைத்துப் போவது, எட்ஜ் (காலைச் சாய்த்துப் போகும் பக்கம்) மாற்றுவது, பின்னோக்கிப் போவது. அதற்குப் பிறகு வால்ட்ஸ் ஜம்ப். முன்னோக்கி எழும்பி அரைச் சுற்றுச் சுற்றிப் பின்னோக்கி இறங்குவது. அந்த அரைச் சுற்றுதான் ஆக்சலின் வாசல், மாலினினும் அந்த வழியாக வந்தவர்தான். ஒற்றைச் சுற்றுக் குதிப்புகளை முதலில் வெறுங்காலோடு புல்தரையில் செய்ய வைப்பேன். ஒரு நாளில் எத்தனை முறை குதிக்கலாம் என்று எல்லை உண்டு. முழங்கால் வலி என்று சொன்னால் அன்று குதிப்பு இல்லை. மறைத்தால் ஒரு வாரம் இல்லை. ஆடிக் காற்று காலத்தில் தளம் முழுக்க மணல் வந்து படியும், ஒரு மணல் துகள் சக்கரத்தில் சிக்கினால் போதும். அந்த மாதங்களில் குதிப்பை நிறுத்திவிட்டு சுழற்சியும் நடையும்தான்.

நம் ஊரில் பம்புசெட் கிணற்றில் பல்டி அடிக்கிற பையன்களைப் பாருங்கள். தண்ணீர் எத்தனை ஆள் ஆழம், படி எந்தப் பக்கம், பாறை எங்கே என்று தெரியாமல் ஒருத்தனும் குதிப்பதில்லை. மேலே நிற்பவனுக்குத் தெரிவது குதிப்பு மட்டும். ஆறு வயதில் பனியில் இறங்கிய பிள்ளை 17 வயதில் குவாட் ஆக்சல் இறங்கினான் என்றால் நடுவில் இருக்கும் பதினொரு வருடத்தைத்தான் நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறேன். 2022 ஜனவரியில் அமெரிக்கத் தேசியப் போட்டியில் இரண்டாவதாக வந்தும் பெய்ஜிங்குக்கு அவரை அனுப்பவில்லை. அந்த ஏப்ரலில் ஜூனியர் உலகப் பட்டம், செப்டம்பரில் குவாட் ஆக்சல். மனதை எங்கே வைத்திருந்தார் பாருங்கள்.

குறுக்குத்துறை

பல்டி என்றதும் சொல்லத் தோன்றியது. பனியில் பின்பல்டி கிட்டத்தட்ட ஐம்பது வருடம் விதிக்கு வெளியே இருந்த கதை. 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டெர்ரி குபிக்கா அடித்தார், உடனே ஆபத்து என்று தடை வந்தது. 1998 நாகானோவில் பிரான்சின் சூர்யா போனாலி, தடை என்று தெரிந்தே அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். புள்ளி போனது, பெயர் நின்றது. 2024-இல்தான் தடையை எடுத்தார்கள். மிலானில் மாலினின் அடித்தபோது அரங்கம் எழுந்து நின்றது. போனாலிக்கு அன்று கிடைக்க வேண்டிய கைதட்டல் அது என்றே எனக்குத் தோன்றியது. ஒரு கறுப்பினப் பெண் அந்தக் காலத்தில் அதைச் செய்தபோது கிடைத்தது புள்ளிக் குறைப்புதான். பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் அவரையும் காட்டுங்கள் மாஸ்டர்.

டவுன் மாடவீதி

பனியே இல்லாத ஊரில் இதெல்லாம் பேசி என்ன பயன் என்று யாராவது கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். இந்தியாவுக்காகப் பனியில் ஆடும் தாரா பிரசாத் 2025-இல் ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் பங்கெடுத்தவர். சக்கரத்தில் நம் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பரில் சீனாவில் 1000 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆனார். வெயில் காயும் தார்ச்சாலைகளில் பழகிய கால்கள் அவை. ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங்கில் சால்கோ, லட்ஸ், ஆக்சல் எல்லாம் அதே பெயரில் அப்படியே இருக்கின்றன. பாளையங்கோட்டைச் சிமெண்ட் தளத்தில் ஒரு பிள்ளை சுத்தமான ஒற்றை ஆக்சல் இறங்கினால் நான் போய் மாலை போடுவேன்.

தென்காசி அம்மா

மாஸ்டர், நீங்கள் எழுதியதை அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். வலியை மறைத்தால் ஒரு வாரம் இல்லை என்ற வரியை அவளே இரண்டு தரம் படித்தாள். விழுவதைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் நானும் வந்து பார்க்கலாமா?

பாளை சக்கரக்கால்

தாராளமாக வாருங்கள் அக்கா. முதல் வாரம் பெற்றோர் பக்கத்தில் இருந்தால் எங்களுக்கும் நல்லது. மணிக்கட்டுப் பட்டையும் முழங்கால் பட்டையும் அவள் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், வளர்ந்தபின் போடலாம் என்று பெரிதாக வாங்கிவிடாதீர்கள், விழும்போது நழுவிவிடும்.

கடையம் நாட்டியம்

நகோயா ஆட்டத்தை முழுதாகப் பார்த்தேன், ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டும் பார்த்தேன். இசைக்கு நடுவில் அவருடைய சொந்தக் குரலே பேசுகிறது. கடைசிக் குவாட் முடிந்த பிறகு அவர் உடம்பு விடுபட்டு ஆடும் பகுதி இருக்கிறதே, அங்கே நான் தேடியது எல்லாம் இருந்தது. தோள் இறங்கியது, கை முழுதாக நீண்டது. ஆனால் அதற்கு முன்னால் இருந்த மூன்று நிமிடத்தில் அது எனக்குப் போதவில்லை. 21 வயதுதான் ஆகிறது, அவரிடம் அதை எதிர்பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது.

மாஸ்டர், நீங்கள் பிள்ளைகளுக்கு முழு ஆட்டத்தைக் காட்டும் நாளில் கைகளைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசுகிறேன். நகோயா, மிலான் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். ஹன்யூவின் பெய்ஜிங் ஆட்டமும் வேண்டும். அதில் அவர் விழுந்து எழுந்த பிறகு கை எப்படி இசைக்குத் திரும்புகிறது என்பதிலிருந்துதான் தொடங்குவேன்.

பாளை சக்கரக்கால்

ஞாயிறு காலை ஏழு மணி, டீச்சர். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடலாம். கோவில்பட்டித் தம்பியும் வரட்டும், மிலான் பற்றிய அவர் கேள்வியைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்ப்போம்.